மருந்து கரையும் வரை

குளியலறைக்குள்ளிருந்து இரண்டு தட்டு கேட்டபோது அவன் சமையலறையில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

முதலில் அதில் தப்பு எதுவும் தெரியவில்லை. தினமும் காலையில் கேட்கிற சத்தம்தான். அவன் மனைவி குளியலறைக் கதவை வெளியிலிருந்து விரல் முட்டியால் இரண்டு முறை தட்டுவாள். உள்ளேயிருந்து பதிலுக்கு இரண்டு தட்டு வரும். அவள் ஈரத் துண்டை உதறிக்கொண்டு தன் வேலையைப் பார்க்கப் போவாள். இன்றும் தட்டினாள், பதில் வந்தது, போய்விட்டாள். தம்ளரைக் கழுவிக் கவிழ்க்கும்போதுதான் அவனுக்கு உறைத்தது. பதிலுக்குத் தட்ட வேண்டியவன் அவன். அவனோ இங்கே நிற்கிறான்.

வீட்டில் இருப்பதே மூன்று பேர். மகள் கூடத்தில் ஒற்றைச் சாக்ஸை மாட்டிக்கொண்டு இன்னொன்றைத் தேடிக்கொண்டிருந்தாள். மனைவி படுக்கையறையில் தலை வாரிக்கொண்டிருந்தாள். அவன் சத்தமில்லாமல் நடந்துபோய்க் குளியலறைக் கதவைத் தள்ளினான். யாரும் இல்லை. வாளி, குவளை, மூலையில் அவன் உட்காரும் பிளாஸ்டிக் முக்காலி. முக்காலியின் மேல் கை வைத்துப் பார்த்தான். வெதுவெதுப்பாக இருந்தது. வெயில் பட்டிருக்கும் என்று சொல்லிக்கொண்டான். அந்தப் பக்கம் வெயில் எட்டிக்கூடப் பார்க்காது என்பதை வசதியாக மறந்துவிட்டான்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் ஓடுகிற அந்த உயரமான இருட்டுக் கிணற்றில் ஒருவன் மேலே மெஷின் ரூமிலும் இன்னொருவன் அடியில் குழியிலும் நிற்கும்போது, எவ்வளவு கத்தினாலும் குரல் எதிரொலித்துக் குழம்பிப் போகும். போனில் சிக்னலும் கிடைக்காது. அதனால் அவனும் அவன் கூட்டாளியும் லிஃப்ட் பற்றி ஓடும் தண்டவாளத்தில் ஸ்பானரால் தட்டிப் பேசிக்கொள்வார்கள். ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டு என்றால் நான் நன்றாக இருக்கிறேன், நடத்து.

அந்தப் பாஷையை வீட்டுக்குக் கொண்டுவந்ததற்கும் காரணம் இருந்தது. ஒருமுறை அவன் குழிக்குள் விழுந்து முதுகை உடைத்துக்கொண்டான். வலிக்குக் கொடுத்த மாத்திரை வலி போன பிறகும் போகவில்லை. ஒன்று இரண்டானது, மாத்திரை ஊசியானது, பொய் சொல்லாத நாள் என்று ஒன்று இல்லாமல் போனது. கடைசியில் இதே குளியலறையில் உதடு நீலம் பாரித்துக் கிடந்தவனை மனைவிதான் கதவை உடைத்து வெளியே இழுத்துப் போட்டாள். உயிர் பிழைத்தவன் கண் திறந்து பார்த்தபோது அவள் மகளைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தாள்.

அவர்களை வீட்டுக்குத் திரும்ப வரவைத்தது நாக்குக்கு அடியில் வைக்கும் ஒரு சின்ன ஆரஞ்சு நிற மாத்திரை. போதை மருந்துக்கு ஏங்கும் உடம்பை அது அடக்கி வைக்கும். அதை விழுங்கக் கூடாது, மெல்லக் கூடாது, கரைகிற வரை பேசக் கூடாது. வெளியே இருந்தால் மகள் எதையாவது கேட்டுச் சிரிக்க வைத்துவிடுவாள் என்று அவன் குளியலறைக்குள் முக்காலி போட்டு உட்கார்ந்தான். பூட்டிய கதவை மனைவியால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. வெளியிலிருந்து காசு வைத்துத் திருகினால் திறக்கிற தாழ்ப்பாளாக மாற்றினாள். அப்போதும் ஆறாமல், "பதில் சொல்ல முடியாதுன்னா தட்டவாவது செய்யுங்க" என்றாள். "ஒரே ஒரு தட்டு கேட்டுச்சுன்னா, நான் உள்ள வந்துடுவேன். சொல்லிட்டேன்."

அப்படித்தான் அந்த வீடு மறுபடி வீடாக நின்றது. பிறகு ஒருநாள் சாப்பிட வந்த அவளுடைய அண்ணன், கை கழுவப் போகிற போக்கில், "எல்லாம் சரி மாப்பிள்ளை, அந்த மாத்திரையும் போதைதானே? ஆள் மாறல, சரக்குதான் மாறியிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். விளையாட்டாகத்தான் சொன்னார். இவனுக்கு அது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். "நிறுத்தணும்னு தோணுச்சுன்னா எங்ககிட்ட வாங்க. மெதுவா இறக்கலாம். நீங்களா ஒரேயடியா நிறுத்திடாதீங்க. லிஃப்ட்டை இறக்கணும்னா கயித்தையா அறுப்பீங்க?" அவனும் சிரித்துத் தலையாட்டிவிட்டு வந்தவன்தான். ஆனாலும் மச்சான் வாயை அடைக்க வேண்டும், எந்த மருந்தும் இல்லாமல் நிற்கிறேன் பார் என்று மனைவியிடம் ஒருநாள் சொல்ல வேண்டும். தினமும் அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கிக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினான். பிறகு முக்காலியில் வெறும் வாயோடு உட்கார்ந்து, அவள் தட்டும்போது யோக்கியனாக இரண்டு தட்டு தட்டினான். வீரம்தான், மறுப்பதற்கில்லை.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு கொட்டாவி வந்தது. நிற்காமல், தாடை கழன்றுவிடும் போல, கண்ணில் நீர் வழிய வழிய வந்தது. மூக்கு ஒழுகியது. வேர்த்துக்கொண்டே குளிரடித்தது, கை மயிர்கள் எல்லாம் குத்திட்டு நின்றன, படுத்தால் கால்கள் அவனைக் கேட்காமலேயே போர்வையை உதைத்தன. மருந்து இவ்வளவு காலமும் மூடி வைத்திருந்த மூக்கும் காதும் திறந்துகொண்டன. பக்கத்து வீட்டு இஸ்திரிப் பெட்டியின் சூடு, மகளின் புத்தகப் பையில் அழுகிக்கொண்டிருந்த ஏதோ பழத்துண்டு, சுவருக்குள் குழாயில் இறங்கும் தண்ணீர் எல்லாம் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு அவனுக்குள் வந்தன. அவற்றோடு இன்னொரு வாசனையும் வந்தது. கசப்பும் பொய்யான ஆரஞ்சும் கலந்த மாத்திரை வாசனை. அவன் வாயிலிருந்து அல்ல. கூடத்தைத் தாண்டி, மூடிய குளியலறைக் கதவின் அடி இடுக்கிலிருந்து.

அன்று வயிற்றுப்போக்கில் நேரம் தவறிப்போய்ச் சமையலறையில் நின்றபோதுதான் அந்த முதல் தட்டைக் கேட்டான். மறுநாள் வேண்டுமென்றே பால்கனியில் காயும் துணிகளுக்குப் பின்னால் நின்றுகொண்டான். மனைவி இரண்டு தட்டினாள். கொஞ்சம் தாமதித்து, நிதானமாக, உள்ளிருந்து இரண்டு. அவள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு நகர்ந்தாள். அவன் ஈரப் போர்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றான். ஓடிப்போய் அவளிடம் சொல்லிவிடலாம். என்னவென்று சொல்வது? உள்ளே இருப்பது நான் இல்லை என்றா? பின்னே இத்தனை நாள் உள்ளே உட்கார்ந்து மாத்திரை போடுவதாக ஏன் நடித்தீர்கள் என்பாள். சொன்னால் பொய் வெளியே வரும். பொய் வெளியே வந்தால் அவள் மகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

வேலைக்குப் போனான். வீட்டைவிட அந்தக் கிணறு தேவலை என்றிருந்தது.

கூட்டாளிக்கு சைரன் என்று பெயர் வைத்திருந்தார்கள். அவன் ரகசியம் பேசினால் மூன்று மாடிக்குக் கேட்கும். அன்று ஒரு பழைய அலுவலகக் கட்டிடத்தில் சைரன் மேலே மெஷின் ரூமுக்கு ஏறினான். இவன் டார்ச்சும் கிரீஸ் டப்பாவுமாகக் குழிக்குள் இறங்கினான். இறங்கியதும் முதலில் சுவரில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அமுக்க வேண்டும். அமுக்கிவிட்டால் எவன் என்ன செய்தாலும் லிஃப்ட் அசையாது. புதிதாக வேலைக்கு வருபவனுக்குச் சொல்லித் தரும் முதல் பாடமே அதுதான். கண்ணில் நீர் முட்ட, கை நடுங்க, டார்ச்சைக் கீழே விடாமல் இருப்பதிலேயே கவனமாக இருந்தவன் பொத்தானை மறந்துபோனான்.

குழியில் பழைய எண்ணெயும் தேங்கிய தண்ணீரும் எலிப் புழுக்கையும் நாறின. நடுவில், லிஃப்ட் தவறி இறங்கினால் தாங்குவதற்கான பெரிய ஸ்பிரிங். அதன் இந்தப் பக்கம் குந்தி உட்கார்ந்து துடைத்துக்கொண்டிருந்தான். மேலேயிருந்து தண்டவாளம் வழியாக சைரனின் கேள்வி இறங்கி வந்தது. இரண்டு தட்டு. இருக்கியா, ஓட்டலாமா என்று அர்த்தம்.

இவன் ஸ்பானரைத் தேடினான். ஒரே ஒரு தட்டு தட்ட வேண்டும். நிறுத்து.

ஆரஞ்சு வாசனை அடித்தது.

ஸ்பிரிங்குக்கு அந்தப் பக்கம். கைக்கெட்டும் தூரம். இவன் காது உயரத்தில்.

இரண்டு தட்டு.

மேலே மோட்டார் முனகியது. தலைக்கு மேல் இருந்த இருட்டு ஒட்டுமொத்தமாக இறங்கியது. கத்தினான். எதிரொலி. சுவரைத் தடவினான். ஈரம். கம்பி. பொத்தான். அறைந்தான்.

லிஃப்ட்டின் அடித்தகடு அவன் குனிந்த முதுகை உரசிக்கொண்டு நின்றது.

சைரன் படியிறங்கி வந்து அவனை வெளியே இழுத்தபோது சைரனுக்கே குரல் எழும்பவில்லை. "நீதானேடா ரெண்டு தட்டுன?"

"நான் தட்டல."

"பின்ன எலியா ஸ்பானர் எடுத்துத் தட்டுச்சு?" முகத்தருகே குனிந்து பார்த்தான். "கண்ணைக் காட்டு. மாப்ள, உனக்கு என்ன ஆச்சு? திரும்ப ஏதாவது..."

"காய்ச்சல்டா."

"வீட்டுக்குப் போ. மொதல்ல வீட்டுக்குப் போ."

அவன் வீட்டுக்குப் போகவில்லை. தெருத்தெருவாக நடந்தான். ஒரு மூடிய கடையின் படியில் உட்கார்ந்து மருத்துவமனைக்குப் போன் செய்தான். எடுத்த நர்ஸுக்கு அவன் குரல் தெரிந்திருந்தது. எல்லாவற்றையும் சொல்லாவிட்டாலும் மாத்திரையை நிறுத்திவிட்டதை மட்டும் சொன்னான்.

"சரி, பரவால்ல. இதுக்கெல்லாம் யாரும் திட்ட மாட்டாங்க" என்றாள் நர்ஸ். "ரொம்பப் படுத்துதா? இப்பவே வாங்க, டாக்டர் இருக்காரு, மறுபடி ஆரம்பிச்சுடலாம். தனியா வராதீங்க, வீட்டம்மாவைக் கூட்டிட்டு வாங்க. நான் வேணா அவங்ககிட்ட பேசவா?"

அவன் போனை வைத்துவிட்டான். அந்தக் குரலில் இருந்த அன்பு தாங்க முடியாததாக இருந்தது. தெருவோரத்தில் ஒரு வளர்ந்த ஆண்பிள்ளை முழங்காலில் முகத்தை வைத்து அழுததை இரண்டொருவர் பார்த்துவிட்டுப் போனார்கள்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி சந்தோஷமாக இருந்தாள். துணிக்கடையில் நாள் முழுக்க நின்று வீங்கிய கால்களை நாற்காலியில் தூக்கி வைத்திருந்தாள்.

"சொல்லாம கொள்ளாம போய்ப் பாப்பாவை ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வந்துட்டீங்களே. எனக்கு எவ்ளோ உதவியா இருந்துச்சு தெரியுமா?"

அவன் செருப்பைக் கழற்றாமலே நின்றான்.

"ஆனா வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசலையாமே? அப்பா வாயில மருந்து இருந்துச்சாம்மான்னு கேக்குறா." சிரித்தாள். "மத்தியானத்துல ஏது மருந்துன்னு சொன்னேன்."

மகள் ஓடிவந்து அவன் கையைப் பிடித்தாள். பிடித்த வேகத்தில் விட்டாள். "உன் கை மத்தியானம் எவ்ளோ சூடா இருந்துச்சுப்பா! இப்ப ஏன் இப்படிச் சில்லுன்னு இருக்கு?"

அவளுடைய முடியில், காது மடலில், சட்டைத் தோள்பட்டையில் ஆரஞ்சு வாசனை இருந்தது. கசப்பும் இருந்தது.

சொல்லிவிடு. இப்போதே சொல்லிவிடு. "ஏம்மா..." என்று ஆரம்பித்தான்.

"ம்?" மனைவி நிமிர்ந்து பார்த்தாள். "ஒண்ணு சொல்லட்டுமாங்க? இப்பத்தான் நான் பயமில்லாம தூங்குறேன். அண்ணன்கிட்டயும் போன்ல சொன்னேன். மனுஷன் வாயடைச்சுப் போயிட்டாரு."

அவன் வாயும் அடைத்துப் போனது. ஒன்றுமில்லை என்றான். செருப்பைக் கழற்றினான்.

குளியலறை அலமாரியில் மாத்திரை அட்டையைத் தேடி எடுத்தான். வீரம் எல்லாம் எப்போதோ போய்விட்டது. ஒன்றே ஒன்று வைத்துக்கொண்டால் போதும், குளிர் அடங்கும், கால்கள் நிற்கும், நாளை மருத்துவமனைக்கு நடந்து போய்விடலாம். அட்டை காலியாக இருந்தது. அவன் பிதுக்கியவை மட்டுமல்ல, பிதுக்காதவையும் பிதுக்கப்பட்டிருந்தன. கடைசிக் குழி வரை, அழகாக, ஒரு கிழிசல் இல்லாமல். காலி அட்டையை நாக்கால் நக்கிப் பார்த்தான். அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் செய்தான்.

அந்த இரவில் அவன் தூங்கவில்லை. எலும்புக்குள் யாரோ அரம் வைத்து ராவினார்கள். மகளின் கட்டிலுக்கும் அறை வாசலுக்கும் நடுவில் தரையில் படுத்துக்கொண்டான். காவலாம். விடியும்போது கண்ணயர்ந்திருக்க வேண்டும். விழித்தபோது மகள் கட்டிலில் இல்லை. கூடத்தில் அவள் குரல் கேட்டது, மனைவி அவளுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தாள். மூச்சு வந்தது. அப்போது குளியலறைத் தாழ்ப்பாள் உள்ளிருந்து விழும் சத்தம் கேட்டது.

எழுந்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தான். மனைவி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். கதவின் முன் நின்றான். தாழ்ப்பாள் மெதுவாக விலகியது.

உள்ளே போனான். பின்னால் கதவைச் சாத்தித் தாழிட்டதும் அவன்தான். மனைவி பார்த்துவிடக் கூடாதே என்று.

முக்காலியில் உட்கார்ந்திருந்தது. இஸ்திரி போட்ட சட்டை. வாரிய தலை. முழங்கால்கள் மேல் வைத்த கைகள் துளியும் நடுங்கவில்லை. முகம் அவனுடையதுதான், வெகுகாலம் நன்றாகத் தூங்கி எழுந்த முகம். உதடுகள் ஒட்டியிருந்தன, கன்னம் லேசாக உப்பியிருந்தது. வாயில் மருந்து இருந்தது.

என் மகளைத் தொடாதே என்று சொல்லத்தான் வந்தான். வாயிலிருந்து வந்தது வேறு.

"குடு" என்றான். "பாதியாவது குடு."

அது பேசவில்லை. மருந்து கரைகிற வரை பேசக் கூடாது. அண்ணாந்து, வாயைத் திறந்தது. நாக்கை உயர்த்தியது.

அவன் கழிப்பறையில் கொட்டிய மாத்திரைகள் எல்லாம் அங்கே இருந்தன. ஒன்றுகூடக் கரையவில்லை. வரிசையாக, ஈரமாக, ஆரஞ்சாக.

மண்டியிட்டான். இரண்டு விரலை விட்டான். வழுக்கியது. இன்னும் உள்ளே. ஐந்து விரல்களும். மணிக்கட்டு. வாய் இடம் கொடுத்தது. ஒன்றைப் பிடித்துவிட்டான், பிடித்தேவிட்டான், இழுத்தான்.

நாக்கு இறங்கியது. மெதுவாக. கடிக்கவில்லை. அவன் கையை அடியில் வைத்து மூடியது.

சூடு.

விரல் நுனியிலிருந்து ஏறியது. குளிர் போனது. மணிக்கட்டில் குத்திட்டு நின்ற மயிர்கள் படிந்தன. கொட்டாவி நின்றது. கால்கள் நின்றன. இத்தனை நாளில் முதல் முறையாக எங்கேயும் எதுவும் வலிக்கவில்லை. நிம்மதியில் கண் சொருகியது.

விரல்களை அசைத்துப் பார்த்தான்.

அசைக்க விரல் இல்லை.

கதவில் இரண்டு தட்டு விழுந்தது. மனைவி.

அது பதில் தட்டவில்லை. கைகள் முழங்கால் மேலேயே இருந்தன. கண்கள் மட்டும் அவனைப் பார்த்தன. கதவு அவனுடைய இடது கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. ஒரே ஒரு தட்டு போதும். அவள் உள்ளே வந்துவிடுவாள்.

தட்டினான். ஒன்று.

வெளியே வளையல் சத்தம் நின்றது. "என்னங்க?"

"அப்பா, சீக்கிரம் வாப்பா" என்றாள் மகள். "நேத்து நீ கூட்டிட்டு வந்த மாதிரி இன்னைக்கு நீயே கூட்டிட்டுப் போ."

சூடு முழங்கையைத் தாண்டிக்கொண்டிருந்தது. முழங்கைக்குக் கீழே எடை இல்லை. காசைத் தேடி அவள் மேசை இழுப்பறையைத் திறக்கும் சத்தம். அவள் வந்தால் இதை இழுத்து வெளியே எடுப்பாள். குளிர் திரும்ப வரும்.

இன்னொன்று தட்டினான்.

"ரெண்டுதான். ஒண்ணுன்னு நெனைச்சுப் பயந்தே போயிட்டேன்" என்றாள் மனைவி. இழுப்பறை மூடியது. "இரு பாப்பா, அப்பா வந்துடுவாரு. பையை எடு."

அவன் தட்டிய கையையும் அந்த வாய்க்குள் வைத்தான்.